ஆழம் தெரியாமல் அளந்த வெப்பம்

1995 அக்டோபர் 3ஆம் தேதி இரவு, மெக்சிகோ வளைகுடாவில் நகர்ந்துகொண்டிருந்த ஓபல் சூறாவளி யாரும் எதிர்பாராத வேகத்தில் வலுத்தது. 14 மணி நேரத்தில் அதன் மையக் காற்றழுத்தம் 965 மில்லிபாரிலிருந்து 916 மில்லிபாருக்குச் சரிந்தது. இத்தனை கடும் புயலாகும் என்று நினையாமல் படுத்த ஃபுளோரிடாக் கரையோர மக்கள் விடிந்ததும் பதறிப்போய்க் கிளம்பினார்கள். சாலைகள் கார்களால் அடைபட்டு நின்றன. கரையைத் தொடுமுன் புயல் ஓரளவு தணிந்தது அவர்களுடைய நல்ல காலம்.

ஓபலுக்கு அந்தப் பலம் எங்கிருந்து வந்தது? கடல் மேற்பரப்பின் வெப்பநிலைப் படத்தில் விடை இல்லை. வளைகுடா எங்கும் மேல்நீர் ஏறத்தாழ ஒரே சூட்டில்தான் இருந்தது. வேறுபாடு அடியில் ஒளிந்திருந்தது. வளைகுடாவுக்குள் ஓடும் லூப் என்ற வெந்நீரோட்டத்திலிருந்து பிரிந்து வந்த ஒரு பெரிய வெந்நீர்ச் சுழலின்மீது புயல் கடந்து போயிருந்தது. வளைகுடாவின் மற்ற பகுதிகளில் 26 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட நீர் சில பத்து மீட்டர் தடிமன்தான். சுழலுக்குள் அது 100 மீட்டரையும் தாண்டும். புயல்காற்று கடலைக் கலக்கும்போது சாதாரணமாக அடியிலிருந்து குளிர்நீர் மேலே வந்து புயலின் வேகத்தைக் குறைக்கும். இங்கே கலக்கக் கலக்க வெந்நீரே மேலே வந்தது.

அகச்சிவப்புக் கதிரில் கடல் வெப்பத்தைப் பார்க்கும் செயற்கைக்கோளுக்குத் தெரிவது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான மேல்தோல். உப்புத்தன்மையை நுண்ணலையில் அளக்கும் செயற்கைக்கோளுக்கு எட்டுவது ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர். அதற்குக் கீழே இருக்கும் கடலை அறிய வேண்டுமானால், இன்றைக்கும் ஏதாவது ஒரு கருவியைத் தண்ணீருக்குள் இறக்கித்தான் ஆகவேண்டும். கருவியை இறக்குவது எளிது. அது காட்டும் வெப்பநிலை எந்த ஆழத்துக்கு உரியது என்று உறுதியாகச் சொல்வதுதான் கடினம். கடலியலின் 250 ஆண்டு வரலாற்றில் பெரும் பகுதி இந்த ஒரு சிக்கலோடு போராடியதே.

1751இல் ஹென்றி எல்லிஸ் என்ற ஆங்கிலேயக் கப்பல் தலைவர், வெப்பமண்டல அட்லாண்டிக்கில் வால்வு பொருத்திய வாளி ஒன்றைக் கயிற்றில் கட்டி இறக்கினார். இறங்கும்போது நீர் ஊடே புகுந்து போகும், இழுக்கும்போது வால்வு மூடிக்கொள்ளும். உள்ளே ஒரு வெப்பமானி. சுட்டெரிக்கும் கடலுக்கு அடியில் இத்தனை குளிர்ந்த நீரா என்று அவர் வியந்தார். அந்த நீரைக் குளிக்கவும் மதுவைக் குளிர வைக்கவும் பயன்படுத்தியதாக எழுதியும் வைத்தார். அவர் செலுத்தியது அடிமைகளை ஏற்றிச் செல்லும் கப்பல். கடலாழத்தின் முதல் வெப்பநிலைக் குறிப்புகளில் ஒன்று அப்படிப்பட்ட ஒரு பயணத்திலிருந்து வந்தது என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது.

1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய சேலஞ்சர் கப்பல் இதையே முறைப்படுத்தியது. சணல் கயிற்றில் வெப்பமானிகளைக் கட்டி, நூற்றுக்கணக்கான இடங்களில் இறக்கி எடுத்தார்கள். ஆழக்கணக்கு என்பது விட்ட கயிற்றின் நீளம். நீரோட்டம் கயிற்றைச் சாய்த்தால் கணக்கும் சாயும். ஆனாலும் அந்தக் குறிப்புகள் வீண்போகவில்லை. 2012இல் டீன் ரோம்மிக்கும் கூட்டாளிகளும், சேலஞ்சர் அளந்த அதே இடங்களை இன்றைய தானியங்கி மிதவைகளின் அளவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மேற்பரப்பு சராசரியாக 0.59 டிகிரியும், 366 மீட்டர் ஆழத்தில் 0.39 டிகிரியும் வெப்பம் கூடியிருந்தது. அந்த மாலுமிகள் கயிற்றின் அளவைப் பொறுமையாகக் குறித்து வைத்திராவிட்டால் இந்த ஒப்பீட்டுக்கே வழி இல்லை.

பிறகு வந்தது நான்சென் குப்பி. கம்பியில் வரிசையாகக் கட்டி இறக்கிய உலோகக் குப்பிகள் வேண்டிய ஆழத்தை அடைந்ததும், மேலிருந்து ஒரு பித்தளைக் குண்டைக் கம்பிவழியே நழுவ விடுவார்கள். அது வழுக்கிக்கொண்டு போய் முதல் குப்பியைத் தட்டும். குப்பி தலைகீழாகப் புரண்டு, தண்ணீரை அடைத்துக்கொண்டு, அடுத்த குப்பிக்கான குண்டை விடுவிக்கும். கூடவே இணைத்த வெப்பமானியும் புரளும். புரண்ட கணத்தில் பாதரச இழை அறுந்து, அந்த ஆழத்தின் வெப்பநிலை அப்படியே பதிந்துவிடும். துல்லியம் ஏறத்தாழ 0.02 டிகிரி. ஆனால் கப்பல் மணிக்கணக்கில் நிற்க வேண்டும். கிடைப்பதோ பத்துப் பன்னிரண்டு புள்ளிகள். புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவில் என்ன நடக்கிறதென்பது ஊகம்தான்.

வேகத்தைக் கேட்டது கடற்படை. 1930களின் பிற்பகுதியில் குவாண்டனாமோவுக்கு அருகே அமெரிக்க மாலுமிகள் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார்கள். காலையில் நீர்மூழ்கியை நன்றாகக் கண்டுபிடித்த சோனார், பிற்பகலில் அதைத் தவறவிட்டது. மதிய உணவுக்குப் பிறகு ஆட்கள் அசந்துவிடுகிறார்கள் என்றுகூடச் சந்தேகம் எழுந்தது. உண்மையில் தவறு வெயிலுடையது. பகல் முழுக்கக் காய்ந்த மேல்நீர் ஓரிரு டிகிரி சூடேறும்போது, ஒலிக்கற்றை கீழ்நோக்கி வளைந்துவிடுகிறது. வளைவுக்கு அப்பால் நிற்கும் நீர்மூழ்கி ஒலி நிழலில் மறைந்துகொள்ளும். தென்னாப்பிரிக்காவில் பிறந்த ஆத்தெல்ஸ்டன் ஸ்பில்ஹாஸ், ஓடும் கப்பலிலிருந்தே இறக்கக்கூடிய ஒரு சிறு கருவியை அப்போது உருவாக்கிக்கொண்டிருந்தார். வெப்பம் ஓர் ஊசியை ஒரு பக்கமும், அழுத்தம் கண்ணாடித் துண்டை இன்னொரு பக்கமும் நகர்த்த, புகை படிந்த கண்ணாடியில் ஆழத்துக்கேற்ற வெப்பநிலைக்கோடு கீறலாக விழும். இரண்டாம் உலகப் போரில் நீர்மூழ்கியைத் தேடியவர்களும் நீர்மூழ்கிக்குள் ஒளிந்தவர்களும் இந்தக் கீறலைப் பார்த்தே முடிவெடுத்தார்கள்.

1960களில் ஸ்பில்ஹாஸ் கருவியின் இடத்தை ஒருமுறை வீசிவிட்டுக் கைவிடும் கருவி பிடித்தது. எக்ஸ்பிடி என்று அதைக் கடலியலாளர்கள் அழைக்கிறார்கள். கைக்கு அடக்கமான ஒரு சிறு குண்டு போன்ற உடல், நுனியில் துத்தநாகக் கனம், மூக்கில் வெப்ப உணரி, உள்ளே மிக மெல்லிய செப்புக் கம்பிச் சுருள். இன்னொரு சுருள் கப்பலில் நிற்பவரின் கையிலுள்ள குழாயில் இருக்கும். கருவி விழ விழ அதனுள்ளிருந்து கம்பி பிரியும். கப்பல் போகப் போகக் குழாயிலிருந்தும் கம்பி பிரியும். நீருக்குள் கிடக்கும் கம்பி அசையாமல் அந்த இடத்திலேயே நிற்பதால், கப்பல் வேகத்தைக் குறைக்கவே வேண்டாம். 20 நாட் வேகத்தில் ஓடும் சரக்குக் கப்பலிலிருந்து, இரண்டு நிமிடத்துக்குள், 760 மீட்டர் ஆழம் வரைக்குமான வெப்பநிலை கிடைத்துவிடும். கம்பி தீர்ந்ததும் அறுந்து, கருவி கடலடியில் போய்க் கிடக்கும்.

வீசுபவர் கப்பலின் பின்பக்கத்தில், காற்று படாத ஓரமாகப் பார்த்து நிற்பார். காற்றில் அலைந்து கம்பி கப்பலின் பக்கச் சுவரில் உரசினால் அதன் காப்புறை கிழியும். உடனே திரையில் வெப்பநிலை காரணமில்லாமல் தாவும். அந்தப் பதிவைக் குப்பையில் போட்டுவிட்டு இன்னொன்றை வீச வேண்டும்.

ஆராய்ச்சிக் கப்பல்கள் எப்போதுமே சிலதான். வணிகக் கப்பல்களோ ஒரே வழியில் ஆண்டுக்குப் பலமுறை போய்வருகின்றன. எக்ஸ்பிடி வந்த பிறகு இந்தக் கப்பல்கள் அறிவியலுக்கு வேலை செய்யத் தொடங்கின. 1967 முதல் 2001 வரை கிடைத்த கடலாழ வெப்பநிலைப் பதிவுகளில் பாதிக்கு மேல் எக்ஸ்பிடி தந்தவை. இந்தியாவிலும் கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனம், சென்னையிலிருந்து போர்ட் பிளேர் போய் அங்கிருந்து கொல்கத்தா செல்லும் பயணிகள் கப்பல்களில் 1990 வாக்கில் இதைத் தொடங்கியது. அந்தமானுக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் கேபினில் உறங்கிக்கொண்டிருக்கும்போது, பின்தளத்தில் ஒருவர் குறித்த இடைவெளியில் கருவியை வீசிக்கொண்டிருப்பார். கொச்சி–லட்சத்தீவு வழியும் பின்னர் சேர்ந்தது. பெயர் பெற்ற மாபெரும் பயணங்களைவிட, ஒரே பாதையில் அலுக்காமல் திரும்பத் திரும்ப எடுக்கும் இந்தப் பதிவுகளே கடலின் மாற்றத்தைக் காட்டித் தருகின்றன. அவற்றுக்குரிய பாராட்டு இன்னும் கிடைத்தபாடில்லை.

இத்தனை சிறப்புள்ள எக்ஸ்பிடியில் ஒரு குறை இருந்தது. அதில் அழுத்தமானி கிடையாது. அதாவது, தான் எந்த ஆழத்தில் இருக்கிறோம் என்பது அதற்குத் தெரியாது.

விலையைக் குறைக்கவே அப்படிச் செய்தார்கள். நீரைத் தொட்ட கணத்திலிருந்து எத்தனை நொடி என்று எண்ணி, விழும் வேகத்தை வைத்து ஆழத்தைக் கணக்கிட்டுக்கொள்வதுதான் முறை. தயாரிப்பாளர் தந்த சூத்திரத்தின்படி கருவி நொடிக்கு 6.472 மீட்டர் வேகத்தில் விழத் தொடங்கும். கம்பி பிரியப் பிரிய எடை குறைந்து வேகம் சிறிது சிறிதாகத் தளரும். இந்தக் கணக்கில் நூறாவது நொடியில் ஆழம் 625.6 மீட்டர். ஆனால் அருகிலேயே துல்லியமான கருவிகளை இறக்கி ஒப்பிட்டபோது உண்மை வேறாக இருந்தது. ஜப்பானின் கிமியோ ஹனாவா தலைமையில் 1995இல் வெளியான திருத்தம், தொடக்க வேகத்தை 6.691 மீட்டர் என்றது. அதே நூறாவது நொடியில் ஆழம் 646.6 மீட்டர். வித்தியாசம் 21 மீட்டர்.

அத்துடன் கணக்கு தீர்ந்துவிட்டது என்று பலரும் நினைத்தார்கள். தீரவில்லை. 2007இல் ஜெர்மனியில் விக்டர் கூரெட்ஸ்கியும் கிளாஸ் பீட்டர் கோல்டர்மனும் உலகம் முழுவதுமுள்ள எக்ஸ்பிடி பதிவுகளை, குப்பிகளும் மற்றக் கருவிகளும் தந்த அளவுகளோடு ஆண்டுவாரியாக ஒப்பிட்டார்கள். விழும் வேகம் எல்லா ஆண்டிலும் ஒன்றாக இல்லை. 1970களில் வீசிய கருவிகள், திருத்திய சூத்திரம் சொன்னதைவிட மெதுவாக விழுந்திருக்கின்றன. கருவி இருந்ததாக நாம் குறித்த ஆழத்துக்கு அது உண்மையில் போய்ச் சேரவில்லை. மேலேயிருந்த வெந்நீரின் வெப்பத்தைக் கீழேயுள்ள நீரின் கணக்கில் எழுதிவிட்டோம். இதற்குமேல், உணரியும் பதிவுப்பெட்டியும் வெப்பநிலையைச் சற்றுக் கூட்டியே காட்டியிருந்தன.

இது ஏதோ நிபுணர்களின் நுண்சண்டை என்று ஒதுக்கிவிட முடியாது. பசுமையில்ல வாயுக்களால் பூமியில் மிஞ்சும் வெப்பத்தில் 90 விழுக்காட்டுக்கு மேல் கடலுக்குள்தான் போகிறது. பூமி எவ்வளவு வேகமாகச் சூடேறுகிறது என்ற கேள்விக்குக் கடலின் வெப்பக்கணக்கே நேரான விடை. அந்தக் கணக்கின் வரைபடத்தில் 1970களில் ஒரு மேடு தெரிந்தது. கடல் திடீரென்று சூடாகிப் பிறகு குளிர்ந்ததுபோல. காலநிலை மாதிரிகள் எதிலும் அந்த மேடு வரவில்லை. மாதிரிகளை நம்புவதா, அளவுகளை நம்புவதா என்று ஆண்டுக்கணக்கில் வாதம் நடந்தது. எக்ஸ்பிடி பிழையைத் திருத்தி 2008இல் காட்டியா டொமிங்கஸும் உடன் ஆய்வாளர்களும் கணக்கைப் புதிதாகப் போட்டபோது, மேடு பெரும்பாலும் கரைந்தது. கடல்மட்ட உயர்வின் கணக்கும் அதோடு நன்றாகப் பொருந்தி வந்தது.

இந்தத் திருத்தத்துக்குப் பெருந்தடையாக இருந்தது இயற்பியல் அல்ல, எழுதாமல் விட்ட குறிப்புகள். எந்த வகைக் கருவி, எந்த ஆண்டு செய்தது, எந்தப் பதிவுப்பெட்டி, எந்தச் சூத்திரத்தால் ஆழம் கணக்கிட்டது என்ற விவரங்கள் ஏராளமான பழைய பதிவுகளில் இல்லை. அன்று ஒரு வரி எழுதியிருந்தால் இருபது ஆண்டுக் குழப்பத்தில் பாதி குறைந்திருக்கும்.

இதுவரை பேசியது வெப்பநிலை மட்டும். கடல்நீரின் அடர்த்தியை வெப்பமும் உப்பும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. உப்பை அளக்கும் முதன்மைக் கருவி சிடிடி. நீரின் மின்கடத்துதிறன், வெப்பநிலை, அழுத்தம் மூன்றையும் நொடிக்குப் பலமுறை ஒன்றாகப் பதிவது. இங்கே ஆழம் ஊகமல்ல, அழுத்தமே சொல்கிறது. கப்பலின் பாரந்தூக்கியிலிருந்து எஃகுக் கம்பிவடத்தில் தொங்கும் ஓர் உலோகச் சட்டம், அதைச் சுற்றி வட்டமாகக் குப்பிகள், அடியில் உணரிகள். 4,000 மீட்டர் போய்வர ஏறத்தாழ மூன்று மணி நேரம். மேலே வந்ததும் குப்பிகளின் நீரைச் சிறு புட்டிகளில் பிடித்து, உலகெங்கும் பொதுவான தரக் கடல்நீரோடு ஒப்பிட்டு உப்பைச் சரிபார்ப்பார்கள். வெப்பநிலையில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு டிகிரி வரைக்கும் துல்லியம். மற்ற எல்லாக் கருவிகளும் இறுதியில் இதனிடம்தான் வந்து தங்களைச் சரிபார்த்துக்கொள்கின்றன.

உப்பை அளக்காமல் வங்கக் கடலைப் புரிந்துகொள்ளவே முடியாது. கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி, மகாநதி, கோதாவரி, கிருஷ்ணா எல்லாம் வந்து கொட்டும் இடம் அது. மேலே பருவமழையும் பெய்கிறது. அரபிக்கடலின் மேல்நீரில் ஒரு கிலோவுக்கு 36 கிராம் அளவில் உப்பு இருக்கும்போது, மழைக்காலம் முடிந்த வடக்கு வங்கக் கடலில் அது 30க்கும் கீழே போகும். இந்த உப்புக் குறைந்த நீர் மெல்லிய அடுக்காகக் கனமான உவர்நீரின்மேல் படுத்துக்கொள்கிறது. காற்று அடித்தாலும் எளிதில் கலப்பதில்லை. அதனால் மேற்பரப்பு சூடாகவே இருக்கிறது. இங்கே வரும் புயல்களுக்கு அடியிலிருந்து குளிர்நீரின் தடை குறைவாகக் கிடைப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

குளிர்காலத்தில் இன்னும் வியப்பான ஒன்று நடக்கும். வடகிழக்குக் காற்றில் மேல்நீர் குளிர்ந்துவிடும். ஆனால் உப்புக் குறைவால் இலேசாகவே இருப்பதால் மூழ்காது. அடியில் அதைவிடச் சூடான நீர் கிடக்கும். வெப்பநிலையை மட்டும் காட்டும் எக்ஸ்பிடி திரையில், கருவி இறங்க இறங்க வெப்பம் ஏறுவது தெரியும். கம்பி இழுபட்டுப் பழுதானாலும் திரையில் இதே மாதிரிதான் தெரியும். எது பழுது, எது உண்மை என்று பிரித்தறிய அந்தக் கடலின் உப்பைத் தெரிந்த ஒருவர் வேண்டும்.

உப்பை அளக்க எப்போதும் பெரிய கப்பல்தான் வேண்டும் என்பதில்லை. தேசியக் கடலியல் நிறுவனத்தினர் இந்தியக் கிழக்குக் கரையோர மீனவர்களிடம் புட்டிகளைக் கொடுத்து, சில நாளுக்கொரு முறை கடல்நீரைப் பிடித்துத் தரச் செய்தார்கள். ஆண்டுக்கணக்காகச் சேர்ந்த அந்தப் புட்டிகளின் முடிவு 2014இல் வெளியானது. மழைக்காலத்துக்குப் பின் வடக்கே கடலில் கலந்த ஆற்றுநீர், ஏறத்தாழ 100 கிலோமீட்டர் அகலத்தில், கரையை ஒட்டியே தெற்கு நோக்கி ஓடி வருகிறது. கடலுக்குள் ஓடும் ஆறு என்றே ஆய்வாளர்கள் அதற்குப் பெயரிட்டார்கள். இந்தியாவின் தென்முனையை எட்ட அதற்கு இரண்டரை மாதம் ஆகிறது. கரையோர மீனவர்கள் பிடித்துத் தந்த நீர் இது. இந்த அளவு அடர்த்தியான தொடர்ப்பதிவை எந்த ஆராய்ச்சிக் கப்பலும் தந்திருக்க முடியாது.

கப்பல் போக முடியாத இடத்துக்கு விமானம் போகிறது. புயலின் நடுவே, பனிக்கட்டி அடைத்த கடலில். விமானத்திலிருந்து வீசும் கருவி, ஏறத்தாழ 91 சென்டிமீட்டர் நீளமும் 12 சென்டிமீட்டர் குறுக்களவும் கொண்ட ஓர் உருளை. நீர்மூழ்கியைத் தேடும் ஒலிமிதவைகளுக்கென்று செய்த குழாயிலேயே இதையும் விடுவார்கள். பாராசூட்டில் இறங்கிக் கடலைத் தொட்டதும் உப்புநீர் பட்டு மின்கலம் உயிர்பெறும். மிதவைப் பை ஊதி, ஆன்டெனா நிமிரும். பிறகு அடியிலிருந்து உணரி கழன்று, நொடிக்கு ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் வேகத்தில் கம்பியோடு இறங்கும். வெப்பநிலை ஒலியாக மாறி வானொலியில் விமானத்துக்கு வருகிறது. 30 டிகிரி நீரில் 2,520 ஹெர்ட்ஸ். 10 டிகிரி நீரில் 1,800 ஹெர்ட்ஸ். காதில் ஹெட்போன் மாட்டியிருப்பவருக்குக் கடலின் அடுக்குகள் கேட்கவே செய்யும். வெந்நீர் முழுக்க ஒரே சுருதி. குளிர்ந்த அடுக்குகளுக்குள் இறங்க இறங்க, பிரதி மத்தியமத்திலிருந்து சட்ஜத்துக்கு வருகிற அளவு இறக்கம்.

ஓபலின் பாடத்துக்குப் பிறகு மெக்சிகோ வளைகுடாவில் இந்த வீச்சுகள் பெருகின. 2005இல் கத்ரினாவும் ரீட்டாவும் வந்தபோது வெந்நீர்ச் சுழல்கள் எங்கே, எத்தனை ஆழம் என்று விமானங்கள் அளந்தன. அமெரிக்க விமானப்படையின் புயல் உளவு விமானங்களும் இப்போது புயலின் ஊடே பறந்து இவற்றை வீசுகின்றன. அந்த அளவுகள் உடனுக்குடன் கணினி மாதிரிகளுக்குள் போகின்றன.

விமான வீச்சின் பலன் மிகத் தெளிவாகத் தெரிந்த இடம் கிரீன்லாந்து. அங்கே கடலின் அடுக்கு தலைகீழ். மேலே துருவத்திலிருந்து வரும் குளிர்ந்த, உப்புக் குறைந்த நீர். இருநூறு மீட்டருக்குக் கீழே அட்லாண்டிக்கிலிருந்து வரும் வெதுவெதுப்பான, உப்பு மிகுந்த நீர். சூடான நீர் கீழே தங்குவதற்கு உப்பின் கனமே காரணம். அந்த அடிநீர்தான் பனியாறுகளின் அடியை அரிக்கிறது. நாசாவின் ஜோஷ் வில்லிஸ் தலைமையில் நடந்த ஓஎம்ஜி திட்டம், 2016 முதல் 2021 வரை ஆண்டுதோறும் தீவைச் சுற்றிப் பறந்து, வெப்பத்தோடு உப்பையும் அளக்கும் கருவிகளை ஃபியோர்டு எனப்படும் குறுகிய கடற்பள்ளத்தாக்குகளின் வாய்களில் வீசியது. 226 பனியாறுகளை ஆராய்ந்ததில், அடிநீர் எட்டும் ஆழமான பள்ளத்தாக்குகளில் நிற்கும் 74 பனியாறுகளே 1992 முதல் 2017 வரையான இழப்பில் ஏறத்தாழ பாதிக்குப் பொறுப்பு என்று தெரிந்தது.

மேற்குக் கரையிலுள்ள யாக்கப்ஸாவ்ன் பனியாறு இருபது ஆண்டுகளாக வேகமாக மெலிந்து ஓடிக்கொண்டிருந்தது. 2016க்குப் பின் திடீரென்று வேகம் தணிந்து, அதன் முகப்பு தடிக்கத் தொடங்கியது. அருகிலுள்ள டிஸ்கோ விரிகுடாவில் விழுந்த கருவிகள் காரணத்தைக் காட்டின. அடிநீர் 1980களின் அளவுக்குக் குளிர்ந்திருந்தது. 2019இல் இதை வெளியிட்ட அலா கசேந்தரும் உடன் ஆய்வாளர்களும், இந்தக் குளிர் வட அட்லாண்டிக்கில் இயல்பாக வந்துபோகும் ஏற்ற இறக்கத்தின் ஒரு கட்டம் என்றும், வெதுவெதுப்பான நீர் திரும்பினால் பனியாறு மறுபடி மெலியும் என்றும் எழுதினார்கள். ஒரு பனியாற்றின் போக்கைச் சில நூறு மீட்டர் கீழே ஓடும் நீரின் ஒன்றரை, இரண்டு டிகிரி மாற்றம் திருப்பிவிடும் என்பதற்கு இதைவிட நேரான சான்று அதுவரை கிடைத்ததில்லை.